இருபத்தாறாம் நாள் பஞ்சு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிவித்திகலயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிளேன்டீ குடிக்கப் போனேன். பழைய பாதியில் வியாபாரம் நடந்தது. பெயின்ட் மணக்கும் புதுப் பாதியில் ஒரு பெரிய மீன்தொட்டி. விளக்கு எரிந்தது, தண்ணீர் சுழன்றது, கல் கிடந்தது. மீன் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் என் கற்பனை, எரிச்சலைத் தவிர.

"கடலைக் காணாத மலைகளின் மடியிலே..." (முதல் வரிக்கு வேண்டாம். சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது.)

"கோகிலா அழுகிய இறாலை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்." (இது இருக்கட்டும்.)

2.

கோகிலா மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த பெண். கொழும்பில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் ஆறு வருடம் மீன்களைப் பையில் அடைத்தவள். ஐந்து பேருக்கு ஒரு ஜன்னல் இருந்த அந்த போர்டிங் அறைக்குத் திரும்பிப் போகக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம். கடை முதலாளி முக்தார் நானாவின் இந்தக் கடல்நீர்த் தொட்டி அவள் சொந்தமாக எடுத்த முதல் வேலை. இது சரிவந்தால் அவருடைய மச்சானின் மாணிக்கக் கடைக்கும் ஒன்று வைப்பதாகப் பேச்சு.

உப்பைக் கலந்த கையோடு மீனை விட்டுவிட முடியாது. மீனின் கழிவு விஷம். அதைத் தின்ன ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் கக்குவதும் விஷம், அதைத் தின்ன இன்னொரு கூட்டம் வேண்டும். இரண்டும் கல்லிலும் பில்டர் பஞ்சிலும் குடியேற நாலைந்து வாரம் பிடிக்கும். அதுவரை அவற்றுக்குத் தீனியாக, துணியில் முடிந்த இறாலைத் தண்ணீரில் அழுகவிட்டிருந்தாள் கோகிலா.

(கதாநாயகர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், ஒரு மாதத்துக்கு ஒன்றுமே நடக்காது. இதை யார் படிப்பார்கள்? எழுதுகிற எனக்கே கொட்டாவி வருகிறது.)

"மீனெங்க?" என்று வந்தவர் போனவர் எல்லாரும் கேட்டார்கள். தமிழில் கேட்டு முடிந்ததும் சிங்களத்தில் "மாளு கோ?" என்று ஆரம்பித்தார்கள்.

"என்ன தங்கச்சி, சாப்பாட்டுக் கடையில நாத்தம் அடிக்குது, மீனும் இல்ல. ஆக்கள் சிரிக்கிறாங்க," என்றார் முக்தார் நானா.

"வெள்ளிக்கிழம புதுப் பக்கம் திறக்கிறப்ப மீன் இருக்கும்ங்க நானா. அதுவரைக்கும் யாரும் தொட்டில கைய மட்டும் வைக்காதீங்க."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிருந்தது.

3.

இருபத்தைந்தாம் நாள் சோதனைக் குழாயில் தண்ணீர் முதன்முறையாக மஞ்சளாக நின்றது. விஷம் இல்லை. கோகிலா பஸ்ஸில் வீடு போகும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வந்து பார்த்தால், பஞ்சு பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது.

"சளி புடிச்சாப்போல ஈந்திச்சி புள்ள," என்றாள் நானாவின் மனைவி ஹபீலா. "கடை திறக்கக்குள்ள அசிங்கம்தானே? நான் கெணத்துத் தண்ணில ரெண்டு தரம் கசக்கிக் கழுவிட்டேன்."

அண்மையில் ஊருக்குள் வந்த வெள்ளம் வடிந்ததும் அந்தக் கிணற்றில் குளோரின் கொட்டியிருந்தார்கள். வாளியை இறக்கும்போதே நெடி மூக்கில் ஏறும். அந்தச் சளியில்தான், குளோரின் கொன்றுபோட்ட நுண்ணுயிர்க் கூட்டத்தில்தான், கோகிலாவின் ஒரு மாதம் இருந்தது.

(முதல் பிரதியில் ஹபீலாவைப் பொறாமைக்காரியாக எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். "நீ மாட்டெறச்சி தின்ன மாட்டாய்தானே?" என்று முதல் நாளே கேட்டு, தினமும் பருப்பும் சம்பலும் தனியாக எடுத்துவைத்தவள் அவள். எப்படி வில்லியாக்குவது?)

"பரவாயில்லீங்க ராத்தா," என்றாள் கோகிலா. சொன்ன வாயையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ராத்தாவுக்குத் திட்டு விழும் என்று நானாவிடமும் அதைச் சொல்லவில்லை.

(நானும் யோக்கியம் இல்லை. இந்தப் பகுதியை மூன்று தரம் கசக்கிக் கழுவியிருக்கிறேன். உயிரோடு இருந்த வரிகளெல்லாம் போய்விட்டன.)

4.

வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து வேனில் வரவழைத்த இரண்டு மீன்களைப் பையோடு கோகிலாவின் கையில் கொடுத்தார் முக்தார் நானா. அவள் சோதனைக் குழாயைப் பார்த்தாள். பச்சை. மறுபடி விஷம்.

"இன்னும் ரெண்டு மூனு வாரம் வேணும்ங்க நானா. இப்ப விட்டா செத்துரும். வந்த வேன்லயே திருப்பி அனுப்பிருங்க, பையில இருக்கிற காத்து கொழும்பு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்."

"வெள்ளிக்கிழம எண்டு நீதானே சொன்னாய்? எல்லாரும் பாத்துட்டு நிக்கிறாங்க. இது யாருட பிழ?"

அவருக்குப் பின்னால் சர்பத் தட்டோடு ஹபீலா நின்றாள்.

"என் பிழதாங்க நானா."

"அப்ப மச்சான வேற ஆள் பாக்கச் சொல்றேன்."

(முடிவு ஒன்று: பிடிவாதமாக மீனை விடுகிறார்கள், திங்கட்கிழமை காலை... எழுத மனம் வரவில்லை. முடிவு இரண்டு: கல்லில் ஒட்டியிருந்த மிச்சக் கூட்டம் காப்பாற்றிவிடுகிறது. பல் கூசுகிறது.)

ஹபீலா தட்டைக் கீழே வைத்தாள். "இஞ்ச பாருங்க," என்று கணவனைக் கூப்பிட்டாள்.

அடுத்து அவள் சொன்னதை ஐந்து விதமாக எழுதி ஐந்தையும் அடித்துவிட்டேன். இனி என்னால் முடியாது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம். வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். கோகிலா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.