மூழ்காத பேண்டேஜ் துணி

கூட்டுத் தொழில் என்றால் இலாபத்தை மட்டும் பங்கிட்டுக்கொள்வது என்று எண்ணுவோரைக் கண்டால் எனக்குச் சினம் மூளும். குற்றத்தைப் பங்கிட ஆள் வராத இடத்தில் என்ன கூட்டு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு. இராசபாளையத்துச் சுயம்புலிங்கமும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தவசிமுத்தும் சேர்ந்து பேண்டேஜ் துணி செய்துவந்தனர். விசைத்தறிகள் மூத்தவரான சுயம்புலிங்கத்துடையவை. ஆர்டர் பிடிப்பவர் தவசிமுத்து. துணியை வெளுக்கும் பொறுப்பு ஞானபாக்கியத்திடம் இருந்தது. வேதியியல் படித்துவிட்டு வேலையின்றி இருந்தவளை, ஊரார் சிரித்தபோதும் பொருட்படுத்தாமல், தொட்டிகளுக்கு மேற்பார்வையாளராக அமர்த்தியவர்கள் இவ்விருவரே.

அவர்களுடைய முதல் பெரிய சரக்கை மதுரை மருத்துவமனை ஒன்று திருப்பி அனுப்பியது. நல்ல பேண்டேஜ் துணி தண்ணீரில் போட்டவுடன் மூழ்க வேண்டும். இதுவோ மிதந்தது; நெய்வதற்காக நூலில் ஏற்றிய கஞ்சி முழுதும் போகாமல் எஞ்சியிருந்தது. விசாரிக்க மருத்துவமனை அதிகாரி நேரில் வருவதாகத் தகவலும் வந்தது.

"அந்தப் பிள்ளைய நிப்பாட்டிட்டோம்னு சொல்லிருவோம். முடிஞ்சுபோகும்," என்றார் சுயம்புலிங்கம்.

"இன்னும் ஒருநாள் ஊறட்டும்னு அவ சொன்னாள்ல, அண்ணாச்சி? லாரி நிக்குது, ஏத்துங்கலேன்னு கத்துனது யாரு?"

"நாந்தான். நீரு பக்கத்துல நின்னு டீ குடிச்சீருல்லா?"

"குடிச்சேன். வாயத் தொறக்கல. அதனாலதான் ரெண்டு பேரு தப்புங்கேன்."

"உண்மையச் சொன்னா ஆர்டர் போயிரும்வே!"

"அவளை அனுப்பிட்டா அடுத்த சரக்க யாரு வெளுப்பா? நீங்களா?"

சுயம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிப்பக்கம் போனார்.

அதிகாரி வந்தார். தொட்டியருகே நின்ற ஞானபாக்கியத்தைச் சுட்டி, "இந்தப் பொண்ணுதான் பொறுப்பா?" என்று கேட்டார். தவசிமுத்து வாய் திறக்குமுன் சுயம்புலிங்கம் முன்னே வந்தார்.

"பொறுப்பு அவளுது, தப்பு எங்களுது, சார். அவ வேண்டாம்னா. நாங்க ஏத்துனோம்."

அதிகாரி ஆர்டரை ரத்து செய்தார். ஆனால் புதிதாக வெளுத்த ஒரே ஒரு பொதியை மட்டும் சோதனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் ஞானபாக்கியம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று இருவரும் எதிர்பார்த்தனர்.

"அண்ணாச்சி, இனிமே லாரிய எப்பக் கூப்பிடணும்னு நாந்தான் சொல்லுவேன். சம்மதம்னா நாளைக்கு வாரேன்."

"இப்ப இவ நம்மள வேலைக்கு வச்சுட்டா, அண்ணாச்சி," என்றார் தவசிமுத்து.

சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை. "சரி தாயி. காலையில வா," என்றார்.

அந்த ஒற்றைப் பொதி தேறியது; ஆர்டர் திரும்பியது. பின்னர் வேறு மாவட்டத்து மருத்துவமனைகளும் அவர்களிடமே வாங்கத் தொடங்கின. தொண்ணூற்று நான்கில் ஞானபாக்கியம் மூன்றாவது கூட்டாளியானாள். பணம் போடாதவளுக்குப் பங்கு எதற்கு என்று சுயம்புலிங்கத்தின் உறவினர் ஒருவர் வெட்கமின்றிக் கேட்டார்.

"அவ வாரதுக்கு முன்னால நம்ம துணிய எந்த ஆஸ்பத்திரிவே வாங்குச்சு? சொல்லும்," என்றார் சுயம்புலிங்கம்.