ஒன்பது மணிக்கு வெளிக்கிடுகிறவன்

குளிர்களஞ்சியத்தில் மூன்று வருடம் இரவு வேலை செய்தேன். போன ஐப்பசியில் விட்டுவிட்டேன். மேலாளரிடம் முதுகுவலி என்று சொன்னேன். பொய். சனிக்கிழமைகளில் சினேகிதர்களோடு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

சினேகிதர்கள் மூன்று பேர்: அனுஷன், நிலன், கம்சாயினி. பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம். இருபத்தெட்டு வயதாகியும் மூவரும் தாய் தகப்பனோடுதான் இருக்கிறார்கள். தனி வீடு எனக்கு மட்டும்தான், நகரத்துக்கு வெளியே அம்மருட்டில், ஒற்றை அறை. இந்த நாட்டில் சனிக்கிழமை ஆறு மணியோடு கடைகளில் பியர் விற்பதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன் வாங்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஒன்பது மணிக்கு நான் வேலைக்கு வெளிக்கிடுவேன். அவர்கள் பத்துக்கு நகரத்துக்குப் போய், திரும்பி வந்து என் வீட்டில் படுத்து, வாய் நாற்றம் போனபிறகு தங்கள் வீடுகளுக்குப் போவார்கள். ஞாயிறு காலை நான் வரும்போது வெறும் பியர் தகரங்கள் இருக்கும். ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

வேலையை விட்ட முதல் சனி, ஒன்பது மணியாகியும் நான் எழும்பவில்லை.

“மச்சான், ரயிலை விடப்போறாய்,” என்றான் அனுஷன்.

“வேலையை விட்டிட்டன். இனி நானும் உங்களோட வாறன்.”

கம்சாயினி கைதட்டினாள். “கடைசியா கவிசனும் மனிசனாகிட்டான்!”

நிலன் என் கட்டிலைப் பார்த்தான். “அப்ப இரவு நீ இஞ்சையோ படுப்பாய்?”

“என்ரை வீடுதானேடா.”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

போனோம். பாரில் இருந்ததும் அனுஷன், “ஜோன்சன்ரை சப்பாத்து!” என்றான். மூவரும் மேசையில் விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். கம்சாயினி விளக்கத் தொடங்கினாள். யாரோ ஒரு ஜோன்சன், பனிக்குள் தொலைந்த ஒற்றைச் சப்பாத்து, ஒரு டாக்சிக்காரன். பாதியில் அவளுக்கே அலுத்துவிட்டது.

“நீ அங்கை நிண்டிருக்கோணும்,” என்றாள்.

அப்படி நாலைந்து கதைகள். என்னிடம் இருந்தது உறைந்த மீன் பெட்டிகளைப் பற்றிய கதை. அதைச் சொன்னேன். நிலன் கைபேசியை எடுத்தான். என் வீட்டுக்கு வராமல், வழக்கத்தைவிட முன்னதாகவே மூவரும் சுவிங்கம் சப்பிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த சனி அனுஷனுக்குத் தடிமனும் இருமலுமாம். அதற்கடுத்த சனி கம்சாயினியின் அக்கா மகளுக்குப் பிறந்தநாள். அதற்கும் அடுத்த சனி ஒருவரும் காரணம்கூட எழுதவில்லை. ஆறு மணிக்கு முன் போய்ப் பன்னிரண்டு பியர் வாங்கி வைத்திருந்தேன். நாலைக் குடித்துவிட்டு, நாலு நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது நான் இல்லாத என் வீடு. அதற்கு வாடகைபோல, ஆறிலிருந்து ஒன்பதுவரை என்னோடு இருந்தார்கள். அந்த மூன்று மணித்தியாலத்தை முழு இரவாக்கப் போய் அதையும் இழந்தேன்.

களஞ்சியத்துக்கு அழைத்துப் பார்த்தேன். என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

வியாழக்கிழமை எங்கள் நாலு பேரின் கைபேசிக் குழுவில் எழுதினேன்: “வேலை திரும்பக் கிடைச்சிட்டுது. சனி இரவு.”

இரண்டு நிமிடத்தில் அனுஷன் எழுதினான்: “சூப்பர் மச்சான்! எத்தினை மணிக்கு வெளிக்கிடுவாய்?”

சனி ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். அனுஷன் தன் முதலாளி மார்க் தமிழில் வணக்கம் சொல்வதை நடித்துக் காட்டினான். வயிறு நோகச் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். மணிக்கூட்டை என்னைவிட நிலன்தான் அடிக்கடி பார்த்தான்.

ஒன்பதுக்கு ஜாக்கெட்டைப் போட்டேன். கம்சாயினி இரண்டு ரோல்ஸைப் பேப்பரில் சுற்றித் தந்தாள். “இடைவேளையிலை சாப்பிடு. மெலிஞ்சு போனாய்.”

“வீட்டுத் திறப்பு மேசையிலையோ?” என்றான் நிலன்.

“ஓம்.”

நகரத்துப் பக்கம் போனால் அவர்கள் கண்ணில் படுவேன். எதிர்ப்பக்க ரயிலில் ஏறினேன். வெஸ்ட்லி நிலையத்தோடு பாதை முடிகிறது. எல்லோரும் இறங்கி வீடுகளுக்குப் போனார்கள். நான் நிலைய வாங்கில் உட்கார்ந்து இரண்டு ரோல்ஸையும் சாப்பிட்டேன். குளிர் மைனஸ் ஒன்பது. மணி ஒன்பதரை. இல்லாத வேலைக்கு வெளிக்கிட்டவன் காலை ஏழுக்கு முன் வீட்டுக்குப் போக முடியாது. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

கைபேசி அதிர்ந்தது. அனுஷன்.

“அடுத்த சனியும் வேலைதானே?”

விரல் விறைத்திருந்தது. இரண்டு தரம் பிழையாக அழுத்தி, பிறகு “ஓம்” என்று அனுப்பினேன்.