பூஜ்யமே இல்லாத பட்டியல்

வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். வயது நாற்பத்தாறு. முன்மண்டையில் முடி போய்ப் பல வருடமாயிற்று. நாலு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்துவிட்டால் அந்தப் பெயர் சாகும்வரை போகாது. அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், பெரிய அண்ணன், "ஆட்டு வயித்துல புழு எண்றான்" என்று முடித்துவிடுவார். அதுவும் தப்பு. எண்ணுவது அக்கா. அக்கா எண்ணித் தருவதை வாங்கிக் கணக்குப் போடுவதுதான் சின்னவன்.

இருவரும் ஒரே கால்நடை ஆய்வு நிலையத்தில்தான் இருந்தார்கள். அவனுக்கு மாடியில் கணினியும் மின்விசிறியும் உள்ள அறை. அக்காவுக்குக் கீழே, பட்டியை ஒட்டிய ஆய்வுக்கூடம். வாரா வாரம் மந்தையில் நாற்பது ஆடுகளைப் பிடித்து, புழுக்கையைத் தனித்தனியே சேகரித்து, உப்புத் தண்ணீரில் கரைத்தால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். கட்டம் போட்ட கண்ணாடியில் அதை ஊற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, எந்த ஆட்டுக்கு எத்தனை முட்டை என்று அக்கா எழுதி அனுப்புவாள்.

புழுக்களுக்கு நியாயம் தெரியாது. இருபது வருடத்தில் சின்னவன் கண்டுகொண்டது இது ஒன்றுதான். ஒரே புல்வெளி, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே பட்டி. ஆனாலும் நாற்பதில் பதினைந்து ஆடுகளுக்கு ஒரு முட்டைகூட இருக்காது. இன்னொரு இருபதுக்கு ஏதோ கொஞ்சம். மிச்சமிருக்கும் நாலைந்து ஆடுகள்தான் மந்தையின் மொத்தப் புழுவையும் சுமந்துகொண்டு நிற்கும். எவ்வளவு கொத்தாகக் கிடக்கிறது என்று சொல்ல அவன் ஓர் எண் வைத்திருந்தான். கொத்து எண் என்பான். அது சின்னதாக இருந்தால் பாரமெல்லாம் ஒரு சில தலைகளில் என்று பொருள். பெரிதாக இருந்தால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பரவிக் கிடக்கிறது என்று பொருள். இந்த மந்தைக்கு அது அரையைத் தாண்டியதே இல்லை.

எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். ஆகவே சுமக்கிற ஆட்டைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் கொடுங்கள் என்று அவன் ஓர் அறிக்கை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு. செவ்வாய்க்கிழமை காலையில் இந்த வருடத்து எண்களைப் போட்டுப் பார்த்தபோது கொத்து எண் ஒன்பது என்று வந்தது.

கணினிமேல்தான் முதலில் சந்தேகப்பட்டான். பிறகு தன்மேல். இரண்டு தடவை முதலிலிருந்து போட்டான். மூன்றாம் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வாரமாகப் பார்த்தான். பதின்மூன்றாம் வாரம் வரை எல்லாம் வழக்கப்படி இருந்தது. பதினாலில் இருந்து எந்த ஆட்டைப் பார்த்தாலும் நானூற்றிருபது, முந்நூற்றெண்பது, நானூற்றைம்பது, முந்நூற்றறுபது. பதினேழு வாரமாக இப்படியே. ஒரு பூஜ்யம்கூட இல்லை.

இப்படி அடக்க ஒடுக்கமாக இருக்கப் புழுவுக்குத் தெரியாது. மனிதன்தான் இப்படி எழுதுவான். அதுவும் பொய் எழுதும்போதுதான். மற்ற நேரமெல்லாம் எங்கேயோ ஒளிந்திருக்கும் நியாய உணர்ச்சி அப்போது மட்டும் ஓடி வந்துவிடும்.

கோபம் வந்திருக்க வேண்டும். அவனுக்கு வந்தது அசதிதான். போன வருடம் தீவனப் பிரிவில் ஒருவர் தராசைத் தொடாமலே எடை எழுதினார் என்று ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா விஷயமும் மேலே போனால் அதே கதிதான். போகாமல் மூடி மறைத்தால், சுமக்கிற ஆடு எது என்று தெரியாமலே அறிக்கை போகும், அந்த நாலைந்தும் மருந்தில்லாமல் சாகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. அதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கீழே இறங்கிப் போனான். ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. நுண்ணோக்கி உறை போட்டிருந்தது. சுவரோர அலமாரியில் புழுக்கை கெடாமலிருக்க மருந்து ஊற்றி மூடிய சிறு பாட்டில்கள், வாரவாரியாக, அக்காவின் மணிமணியான கையெழுத்தில் சீட்டு ஒட்டி வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்தான். பதினேழு வாரத்துக்கும் நாற்பது நாற்பதாக இருந்தன. சேகரித்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை. எண்ணத்தான் இல்லை.

"யாரு சார் வேணும்?" என்று பட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "அக்காவா? ஒரு மணிக்கு மேல அவங்க இருக்கமாட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

கூடப்பிறந்தவனுக்குத் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. இவன் காதில் அப்படித்தான் விழுந்தது.

மறுநாள் எட்டு மணிக்குப் போனபோது அக்கா புதுப் பாட்டில்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. எப்போதிலிருந்து என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"அக்கா, பதினாலாவது வாரத்துல இருந்து நீ எண்ணலை."

"ஆமா," என்றாள்.

இல்லை என்று சாதிப்பாள், அதற்கு இப்படி மடக்கலாம், அப்படி மடக்கலாம் என்று இராத்திரி முழுக்கத் தயார் பண்ணி வந்ததெல்லாம் வீணாயிற்று.

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"பூஜ்யமே இல்ல."

"அட, ஆமால்ல. அதை யோசிக்கவே இல்ல பாரு," என்றாள், குழம்புக்கு உப்புப் போட மறந்தவள்போல.

"போன வருஷத்து எண்ணையே மாத்தி மாத்திப் போட்டிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"முதல் நாள் அப்படித்தான் போட்டேன். ஒரு ஆட்டுக்கு மூவாயிரத்து இருநூறுன்னு எழுதிட்டு உடனே அடிச்சிட்டேன். மனசு வரல. நெசமா அதுக்கு அவ்வளவு இருந்தா எழுதித்தான் ஆகணும். நானா எழுதறப்பவுமா ஒண்ணு தலையிலயே எல்லாத்தையும் கட்டணும்? ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுப் போட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது வந்ததற்காகவே பிறகு கோபமும் வந்தது. "விளையாட்டாக்கா இது? வேலை போயிரும் தெரியுமா? தீவனக்காரரை மறந்துட்டியா?"

"தெரியும்." சீட்டை நீவி ஒட்டினாள். "நாப்பதை எண்ண ரெண்டு நாள் முழுசா உக்காரணும். நான் ஒரு மணிக்கு வீட்டுல இருக்கணும். பகல்ல அம்மாவைப் பாத்துக்கிட்ட அந்தப் பொம்பள நின்னுட்டா. காலைல பக்கத்து வீட்டம்மா ஒரு மணி வரைக்கும்தான் இருப்பாங்க. நம்ம குடும்ப குரூப்ல போட்டேனே."

போட்டிருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது. பெரிய அண்ணன், வேறு ஆள் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். நடு அண்ணன் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பியிருந்தார். சின்னவன் ஒரு கட்டைவிரல்.

"அதான் முறை போட்டிருக்கோமேக்கா. உனக்கு மாசத்துல ஏழெட்டு நாள்தானே?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

இரண்டரை வருடத்துக்கு முன் அம்மா பக்கவாதம் வந்து படுத்தபோது நாலு பிள்ளைகளும் உட்கார்ந்து பேசினார்கள். அம்மா பெரியவள் வீட்டில், அதாவது அக்கா வீட்டில், இருக்கட்டும், ஆனால் நாலு பேரும் முறைவைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. அட்டவணை போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? கணக்கில் புலியான நம் சின்னவன்தான். நாலு பத்தி, ஆளுக்கு ஏழெட்டு நாள், வந்தவர் வந்த நாளில் குறி போட வேண்டும். மாதக் கடைசியில் அக்கா அதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவாள். எல்லாப் பத்தியிலும் குறிகள் சமமாக நிற்பதைப் பார்த்து இவன் நிம்மதியாக மூடிவைப்பான்.

அக்கா கைபேசியைத் தடவி அந்தப் படத்தை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எட்டு, ஏழு, எட்டு, ஏழு. இதுல பூஜ்யம் எங்கடா? ஆட்டு மேல வந்த சந்தேகம் இதுல வரலையே உனக்கு?"

"என் முறைக்கு நான் வரல. அது எனக்குத் தெரியும்," என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வர்றதை நீ என் பேர்ல போட்டுக்கறன்னு நினைச்சேன். அண்ணனுங்க ஒழுங்கா வர்றாங்கன்னுதான்..."

"அவனுங்களும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கானுங்க. தான் ஒருத்தன்தான் வரலைன்னு ஆளாளுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு, வாராவாரம் வாழைப்பழத்தோட வந்து நிக்கிறீங்க. மூணு சீப்பு. யாரு திங்கறது அத்தனையும்? அழுகித்தான் போகுது."

"அப்புறம் ஏன்க்கா எல்லாருக்கும் நீயே குறி போட்ட?"

"போடலேன்னா சண்டை வரும். சண்டை வந்தா அம்மா காதுல விழும். தினம் காலைல யார் பேர்லயாவது ஒரு குறி போட்டுட்டுத்தான் கெளம்புவேன். பொய் எழுதக் கை அங்கதான் பழகிச்சுன்னு வெச்சுக்கோ." பாட்டிலைக் கீழே வைத்தாள். "எனக்கு முடியலடா. அவ்வளவுதான்."

அக்கா இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. அவள் அழுதிருந்தால்கூட எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான். கடைசியில், அறிவுள்ள ஆண்பிள்ளைகள் செய்வதைத்தான் செய்தான். தனக்கு வசதியான உதவியைச் செய்ய முன்வந்தான்.

"பாட்டில் எல்லாம் அப்படியே இருக்குல்ல? விடு, நான் உக்காந்து எண்ணித் தரேன்."

"நீயா? முட்டைக்கும் காத்துக் குமிழிக்கும் வித்தியாசம் தெரியுமாடா உனக்கு?"

தெரியாது. இருபது வருடமாகத் தெரியாது.

"எண்றதுக்கு எனக்கு யாரும் வேணாம்," என்றாள் அக்கா. "இந்த நாற்காலியில உக்காந்தாத்தான் என்னை யாரும் கூப்பிடமாட்டாங்க. நீ என் வீட்டுக்குப் போ. ஒரு மணிக்கு."

அன்றே இயக்குநரிடம் போய், பதினாலாம் வாரம் முதல் முப்பது வரை எண்களை நம்ப முடியாது, பாட்டில்கள் இருக்கின்றன, மறுபடி எண்ண ஆறு வாரம் வேண்டும் என்றான். "யார் தப்பு?" என்று கேட்டார் அவர். "வாரா வாரம் கைக்கு வந்த எண்ணைப் பாக்காம நுனிப்புல் மேஞ்சது நான்தான் சார்," என்றான். அதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் போட்டார். ஆறு வாரத்துக்கு மேல் ஒரு நாள் போனாலும் அண்ணனும் தங்கையுமாக வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்றார். யார் மூத்தவர் என்பதைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. இவனும் திருத்தவில்லை. மதியத்துக்கு மேல் ஆறு வாரம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

பேருந்தில் போகும்போது பெரிய அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டுச் சொன்னான். "அப்ப நடுவுலவனும் போகலையா?" என்றார் அண்ணன். குரலில் வருத்தம் பாதி, ஆறுதல் பாதி.

"யாரும் போகலண்ணே."

அக்கா வீட்டில் அம்மா சன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். எலும்பும் தோலுமான உடம்பு. ஆனால் ஒருபக்கமாகப் புரட்டப் போனால் கல்லாய்க் கனத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும் என்று அக்கா தாளில் எழுதி வைத்திருந்தாள். துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, வாய் துடைப்பது, எல்லாம் அதே மணிமணியான கையெழுத்து. முதல் துணியை மாற்றி முடிப்பதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரியவளே," என்றாள்.

"நான் சின்னவன்மா."

"நல்லாருங்க தம்பி. பெரியவளக் கொஞ்சம் கூப்பிடுங்க."

அவ வேலைக்குப் போயிருக்காம்மா என்றான். சரி என்றாள். மூன்று நிமிடம் போகவில்லை, மறுபடியும் பெரியவளே. வலித்தால் பெரியவளே, தாகத்துக்குப் பெரியவளே, வாசலில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனாலும் பெரியவளே. இவன் ஒவ்வொரு தடவையும் நான் சின்னவன் என்று சொல்லிப் பார்த்தான். பெரிய அண்ணன் பெயரைச் சொல்லிப் பார்த்தான், நடு அண்ணன் பெயரையும். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொன்னதுபோல.

கை சும்மா இருக்கவில்லை. அக்காவின் தாளைத் திருப்பிப் போட்டு நாலு பத்தி இழுத்தான். யாரைக் கூப்பிடுகிறாளோ அவர் பத்தியில் ஒரு கோடு. ஆறு மணிக்கு எண்ணினான். பெரியவளுக்கு அறுபத்துமூன்று. மற்ற மூன்று பத்திகளும் வெள்ளையாகக் கிடந்தன. தன் பத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கணக்கில் எதையும் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பெரியவளே," என்றாள் அம்மா.

"என்னம்மா," என்று எழுந்து போனான்.

அவள் முகம் தெளிந்தது. அசைகிற ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி போயிட்ட இத்தனை நாளா?"

அவன் இன்னொரு கையை அவள் கழுத்துக்கடியில் கொடுத்துத் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தான்.