கட்டைக்கு அடியில் கல்

இப்போதெல்லாம் எவனுக்கும் எழவு வீட்டுக்கு வரத் தெரிவதில்லை. வண்டியைக் கொண்டுவந்து தெரு நடுவில் அவிழ்த்துப் போட்டுவிட்டு, துண்டை வாயில் வைத்து ரெண்டு தேம்பல் தேம்பிவிட்டு, வெற்றிலைத் தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிறான். பாடை எந்த வழியாகப் போகும் என்று ஒருத்தனுக்காவது யோசனை உண்டா? இருளப்பன் எவனோ விட்டுப்போன வண்டியின் நுகத்தடியைத் தோளில் ஏற்றிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். சக்கரம் எதிலோ இடித்து நின்றது. மறுபடியும் தள்ளினார்.

வண்டிக்காரன் ஓடி வந்தான்.

"பெரியய்யா, விடுங்க. நான் தள்ளுதேன்."

"வரும்போதே ஓரமா விட்டிருக்கணும்லே."

"நீங்க போய் உள்ள உக்காருங்க."

"உள்ள உக்காந்து என்ன செய்ய? கெடக்குறது எம்மவன். வழி எனக்குத்தான் வேணும்."

வண்டி நகர்ந்தது. அதற்கப்பால் வேலி ஓரத்தில் இன்னொரு வண்டி நின்றது. அதை அவர் தொடவில்லை. அது அவர் மகனுடைய வண்டி. முந்தின நாள் சாயங்காலம் சோலைச்சாமியைப் பிணமாக ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த வண்டி. ஒரு பக்கச் சக்கரத்தின் நடுக்குடத்தில் கரி மை வழிந்து காய்ந்திருந்தது.

உள்ளே மகனைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சு தெரியாதபடி வேட்டியை மடித்துப் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் மருமகள் வெள்ளத்தாய். சுற்றிலும் பெண்கள். இனிக் கோடித் துணி வந்து மேலே விழுந்துவிட்டால் தூக்கிவிடலாம். அது மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து, சோழபுரத்திலிருந்து வரவேண்டும்.

தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. பெண்கள் குரல் உயர்ந்தது.

முன்னால் வந்தவன் குருசாமி, வெள்ளத்தாயின் தம்பி. தலையில் நார்ப்பெட்டி. அதில் மச்சானுக்கு வேட்டி, அக்காளுக்கு வெள்ளைச் சேலை. பின்னால் அவன் ஊர்ச்சனம். இருளப்பன் வாசலில் போய்க் கையை அகட்டி நின்றுகொண்டார்.

"அங்கேயே நில்லு."

கொட்டு நின்றது. குருசாமிக்குப் புரியவில்லை. பெட்டியைத் தலையிலிருந்து இறக்கலாமா கூடாதா என்று நின்றான்.

"மாமா?"

"உன் கோடி எம்மவன் மேல விழக்கூடாது. எடுத்துக்கிட்டுப் போ."

கூட்டத்தில் யாரோ அடக்கமாக 'ஐயோ' என்றார்கள். இருளப்பனின் சித்தப்பா மகன் பால்ச்சாமி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணே, என்ன பேசுதிய? கோடியத் திருப்பி அனுப்புனா ரெண்டு வீட்டுக்கும் உறவு முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அந்தப் புள்ள பொறவு எந்த வீட்டுக்குப் போவா?"

"அது எனக்குத் தெரியாதாக்கும்? முதல்ல இவன் பதில் சொல்லட்டும். கட்டைய வச்சது யாரு?"

முந்தின நாள் குருசாமி எல்லாரிடமும் சொன்னதுதான். விருதுபட்டி ரயிலடிக்கு பஞ்சு வியாபாரி அபுபக்கர் ராவுத்தரின் பொதிகளை ஏற்றிக்கொண்டு மச்சானும் மைத்துனனும் ஒரே வண்டியில் போனார்கள். வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில் போகும்போது ஒரு சக்கரம் அழத் தொடங்கியது. மை வற்றிவிட்டால் அப்படித்தான் அழும். அப்படியே ஓட்டினால் சக்கரம் சுழலும் அச்சான இருசு தேய்ந்து போகும். வண்டியைச் சாலை ஓரத்தில் கரிசல் மண்ணில் இறக்கி நிறுத்தினார்கள். ஒரு பக்கத்தைத் தூக்கி, இருசுக்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுத்து, கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே இழுத்தார்கள். சோலைச்சாமி உள்பக்கம் மை தடவக் குனிந்து தலையைக் கொடுத்தான். கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண் மேலே காய்ந்திருந்ததே ஒழிய அடியில் சேறு. கட்டை இறங்கிச் சாய்ந்தது. பொதியோடு வண்டி அவன் நெஞ்சில் விழுந்தது.

"மச்சான்தான் மாமா வச்சாரு. நான் தோள் குடுத்துத் தூக்குனேன். அவரு கட்டைய வச்சாரு. நான் பொறவு மாட்டப் பிடிக்கப் போயிட்டேன்."

"கட்டைக்கு அடியில கல்லு?"

"இல்ல."

"ஏன் இல்ல?"

"வைக்கலியே மாமா. பொழுது சாயுமுன்ன போயிரணும்னு அவரு அவசரப்பட்டாரு."

"பொய்." இருளப்பன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இந்த வாசல்ல எம்மவன் எத்தன தடவ மை போட்டிருக்கான்? கட்டைக்கு அடியில பலகைக்கல்லு இல்லாம ஒரு தடவ நான் பாத்ததில்ல. வெறுங்கட்டையே போதும்ங்கிற வெட்டாந்தரையிலயே கல்லு வைக்கிறவன், சேத்துல வைக்க மாட்டானா? இவன் வச்சிருக்கான். கல்லு தேடச் சோம்பி வச்சிருக்கான். இப்பச் செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான்லா? அதான் அவன் தலையில கட்டுதான்."

"குலசாமி சத்தியமா மாமா..."

"சாமிய எதுக்குலே கூப்பிடுத? அது அங்க வண்டி தூக்க வந்துச்சா?"

சோழபுரத்து ஆட்களில் ஒரு பெரியவர், "வாங்கலே போவோம், எழவு வீட்டுல வந்து அவமானப்படணுமா" என்றார். சிலர் திரும்பி நடக்கவும் தொடங்கினார்கள். குருசாமி மட்டும் நகரவில்லை.  வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஈ விரட்டிக்கொண்டிருந்த கிழவி, "சீக்கிரம் ஒரு முடிவச் சொல்லுங்கப்பா, பிள்ள தாங்காது" என்றாள். பிள்ளை என்று அவள் சொன்னது பிணத்தை.

அப்போதுதான் வெள்ளத்தாய் எழுந்தாள். புருசன் தலைமாட்டை விட்டுப் பொம்பளை எழுந்து வருவது வழக்கமில்லை. ரெண்டு பேர் அவள் முந்தானையைப் பிடித்தார்கள். அவள் விடுவித்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"மாமா, அவிய கல்லு வச்சதே இல்ல."

இருளப்பன் திரும்பினார்.

"நாந்தான் வைப்பேன். நீங்க வாசல்ல நின்னு பாப்பிய. கல்லு இல்லேன்னா ஏசுவிய. அவியளுக்கு ஏச்சு வாங்க ஆகாது, சோறு திங்காமப் போயிருவாவ. அதுக்காக நானே எடுத்து வச்சிருவேன். கலியாணம் ஆகி வந்ததுல இருந்து அப்படித்தான். அவியளுக்குக் கல்லு நெனப்பே கெடையாது."

"உள்ள போ."

"எந்தம்பி பொய் சொல்லல மாமா."

"கூடப் பொறந்தவனுக்காக நீ எதுவும் சொல்லுவ."

அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "பொறவு நான் என்ன செஞ்சா நம்புவிய?" என்று கேட்டாள்.

இருளப்பன் வேலி ஓரத்து வண்டியைக் காட்டினார். "வச்சுக் காட்டு."

"அண்ணே!" என்றான் பால்ச்சாமி. "புத்தி கெட்டுப் போச்சா? புருசன் பொணம் உள்ள கெடக்கு."

"எனக்கும் மகன் பொணம்தான்லே."

வெள்ளத்தாய் படியை விட்டு இறங்கினாள். கூட்டம் வழிவிட்டது. வீட்டுக்குப் பக்கவாட்டில், துவைக்கிற இடத்தில் கிடந்த பலகைக்கல்லைத் தேடாமல் நேராகப் போய் எடுத்தாள். இடுப்பில் அணைத்துக் கொண்டுவந்தாள். வண்டிக்கு அருகில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மண்ணைக் கையால் வழித்துச் சமம் பண்ணினாள். கல்லைப் போட்டு, இப்படியும் அப்படியும் திருகி, அது அசையாமல் உட்கார்ந்ததும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். வண்டிக்கு அடியில் கயிற்றில் தொங்கிய கட்டையை உருவிக் கல்லின் மேல் நிறுத்தினாள். வண்டியை யாரும் தூக்கவில்லை. அதனால் கட்டை இருசுக்கு அடியில் நுழையவில்லை. சாய்வாகவே பிடித்துக்கொண்டாள். ஒரு காலைப் பின்னுக்கு இழுத்து, சக்கரத்துக்கு விலகி உட்கார்ந்தாள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. அந்தக் கைகளுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, "ம், விடுங்க" என்றாள்.



வண்டிச் சட்டத்துக்கு அடியில், தோள் கொடுத்து நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அவள் தலையைத் தூக்கி அந்த இடத்தைப் பார்த்தாள். கட்டையைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு அவள் பார்வை மெல்லத் தெருவில் நின்ற தம்பியிடம் போனது. குருசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருளப்பன் அவளைப் பார்த்தார். அவள் தம்பியைப் பார்ப்பதையும் பார்த்தார்.

"போதும்," என்றார் உரக்க. "போதும், எந்திரி. பரிபூரணம், ஏட்டி, இவள உள்ள கூட்டிட்டுப் போ. ஏலே குருசாமி, என்னலே மரம் மாதிரி நிக்க? கோடியக் கொண்டா. நேரமாகுது."

பரிபூரணம் என்ற பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து வெள்ளத்தாயைத் தூக்கி நிறுத்தினாள்.  கொட்டு மறுபடி தொடங்கியது. சோழபுரத்துச் சனம் திரும்பி வந்தது. குருசாமி வேட்டியை விரித்து மச்சான் மேல் போட்டான். மடிப்பை இழுத்துவிடும்போது அவன் கை நெஞ்சுப் பக்கம் போகவில்லை. காலடியில் மட்டும் சரிசெய்துவிட்டு ஒதுங்கினான்.

பாடை தெருவைக் கடந்தபோது எங்கும் தட்டவில்லை.

சோலைச்சாமிக்குப் பிள்ளை இல்லை. அதனால் தகப்பனே மொட்டை போட்டு, கொள்ளி வைத்தார். அடுக்கின எருமுட்டையையும் விறகையும் வெட்டியான் சரிபார்த்த பிறகும் ஒருமுறை சுற்றிவந்து காலால் அழுத்திப் பார்த்தார்.  தீ பிடித்ததும், திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். நடந்தார்.

கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நிற்கும்போது பால்ச்சாமி பக்கத்தில் வந்தான்.

"கடைசியில மனசு எறங்குனியளே, அந்த மட்டுக்கும் சந்தோசம். பாவம்ணே அந்தப் பய. தோள் குடுத்துத் தூக்கிட்டுப் பழியும் சுமக்கணுமா? புள்ள எம்புட்டுத் தெளிவா வச்சுக் காட்டுனா. உங்களுக்கும் நம்பிக்க வந்துருச்சுல்லா?"

இருளப்பன் துண்டைப் பிழிந்தார்.

"கல்லு விசயம் நம்பிட்டேன். எம்மவன் கல்லு வச்சதில்ல."

"அதான?"

"கட்டையும் வச்சதில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ யாரப் பாத்து 'விடுங்க'ன்னு சொன்னா? வண்டியத் தூக்கிப் பிடிச்சிருக்குறவனப் பாத்துல்லா? அப்ப எம்மவன் எப்பவும் தோள்தான் குடுத்திருக்கான். அவன் உடம்பு அப்படி. இந்தச் சுள்ளிக்கால்ப் பய பஞ்சுப் பொதி வண்டியத் தோள் குடுத்துத் தூக்குனானாம், எம்மவன் குனிஞ்சு கட்ட வச்சானாம். நீ கண்டியா?"

பால்ச்சாமி குருசாமி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். "அன்னைக்கு ஒரு நாள் மாத்திச் செஞ்சிருக்கலாம்லாண்ணே" என்றான்.

"செஞ்சிருக்கலாம்."

"அப்ப ஏன் கோடிய வாங்குனிய?"

இருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவளுக்கு இனி தம்பியத் தவிர யாருலே இருக்கா? இந்தப் பேச்சு அவ காதுல விழுந்துச்சு, நாக்க அறுத்துருவேன்."

சுடுகாட்டுப் பாதை கண்மாய்க் கரை வழியாகத்தான் ஊருக்குள் போகும். அந்த நேரத்துக்குப் பெண்கள் வெள்ளத்தாயைத் தாலி இறக்கக் கண்மாய்க்கு அழைத்துப் போயிருப்பார்கள். காற்றில் அழுகைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஆண்கள் எல்லாரும் அந்தப் பக்கமாகவே நடந்தார்கள். இருளப்பன் மட்டும் விலகி, எதிர்ப்பக்க வரப்பில் இறங்கினார்.

பின்னாலிருந்து குருசாமி கூப்பிட்டான். "மாமா, பாதை இந்தப் பக்கம்லா."

அவர் நிற்கவில்லை.

"மாமா, நானும் கூட வாரேன்."

"ஒங்கக்கா கூடப் போ," என்றார் அவர், அவனைப் பார்க்காமல்.

அறுவடை முடிந்த பருத்திக்காடு. மார்க் குச்சிகள் காலில் குத்தின. ரெண்டு எட்டுக்கு ஒருதரம் அடியெடுத்து வைக்குமுன் மண்ணைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே, அவர் சுற்றுவழியில் நடந்து போனார்.