முப்பதடி உயரத்தில் காளியப்பன்

1

"நிறுத்துங்கப்பா! கம்பி... மேல கம்பி!"

முப்பதடி உயரத்தில், இரும்புக் கூடைக்குள் நின்று காளியப்பன் இரு கைகளையும் வீசிக் கத்துகிறார். கீழே மேளம் காதைப் பிளக்கிறது. கூட்டமோ அவரைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைக்கிறது.

இப்படித் தொடங்கினால் பக்கத்தைப் புரட்டிவிட மாட்டீர்கள், அல்லவா? வாராவாரம் தொடர்கதை எழுதிப் பழகிய கை. ஆனால் இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. 1984இல், சங்ககிரி லாரிப் பட்டறை ஒன்றில் கிடைத்தது.

2

பட்டறை முதலாளி மருதாசலம், தெருவிளக்கு மாட்டுவதற்கென்று பழைய கிரேன் கையை லாரியில் பொருத்தி, நுனியில் கூடை வைத்தார். வெள்ளிக்கிழமை பூசை. போட்டோவுக்காக வெல்டர் காளியப்பன் கூடையில் ஏறி மேலே போனார். இடுப்புப் பெல்ட்? புதுச்சட்டையை மறைக்கிறதென்று கழற்றிக் கீழே எறிந்துவிட்டார்.*

"மாமா, எங்கூடு தெரியுதுங்களா?" என்றாள் கொழுந்தியாள் சாரதாமணி.

"தெரியுது சாமி. ஓடு ஒடஞ்சு கெடக்குது. உங்கய்யனை ஏறி மாத்தச் சொல்லு!"

"நீங்களே மாத்துங்க. சும்மாதான தொங்கிட்டிருக்கறீங்க!"

மருதாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தைந்து. பத்தரைக்கு ராகு காலம்.

"அட, பழத்தை வைங்கப்பா! அதுக்குள்ள வண்டி ஏறோணும்!"

முன்சக்கரங்களுக்கு எதிரே இரண்டு எலுமிச்சம்பழங்கள் வந்தன. லாரி சாயாமல் தரையில் ஊன்றியிருந்த இரும்புக் கால்களை மடக்கினார்கள். கூடையை ஏற்றி இறக்கும் லிவரை விட்டுவிட்டு டிரைவர் ஸ்டியரிங்குக்கு ஓடினார். மேலே ஆள் இருப்பதை எல்லோரும் மற—

(இல்லை. மறக்கவில்லை. ஒரு முழம்தானே நகரப்போகிறது என்று நினைத்தார்கள். கீழே ஒரு முழம் அசைந்தால் மேலே கூடை ஆறடி ஆடும். மின்கம்பி ஐந்தடியில் இருந்தது.)

மேளம் முழங்கத் தொடங்க, லாரி உறுமி நகர ஆரம்பித்தது.

3

முடிவு அ: காளியப்பன் கூடையிலிருந்து தாவி... எழுதியதை அடித்துவிட்டேன். பெல்ட் இல்லாத மனிதரைத் தாவவிட மனசு வரவில்லை.

முடிவு ஆ: டிரைவர் கண்ணாடியில் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்துக் காப்பாற்றுகிறார். உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு ரொம்பவே பிடிக்கும்.

நடந்தது: மாமனின் முகத்தைச் சாரதாமணி ஒருத்திதான் பார்த்தாள். மேளத்தில் கத்திப் பயனில்லை. பாய்ந்து வந்தாள், இரண்டு பழங்களையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"பழம் எங்கடா? நிறுத்து, நிறுத்து!" மருதாசலம் பானெட்டில் அடித்தார்.

ஆளுக்காக நிற்காத லாரி பழத்துக்காக நின்றது.

"மாமா எறங்குனாத்தான் பழம் தருவேனுங்க!"

இரும்புக் கால்களை மறுபடி ஊன்றி, காளியப்பனை இறக்குவதற்குள் ராகு காலம் பிறந்தேவிட்டது.

4

எந்த முடிவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் காளியப்பனிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க, எல்லாருக்கும் பேரு வெச்சிருக்கறீங்க. டிரைவருக்கு மட்டும் எங்கீங்க?"

எழுதிவிடுகிறேன். அன்று கண்ணாடியை ஏறிட்டும் பார்க்காமல் வண்டியை நகர்த்தியவன் நான்தான்.

———
* போட்டோவில் சட்டை விழவில்லை. வானம்தான் விழுந்திருந்தது.