இரண்டு அலகுள்ள கோழி

திரையில் இருந்த கோழிக்கு இரண்டு அலகுகள். ஒன்று ஆரஞ்சு நிறத்தில், இருக்க வேண்டிய இடத்தில். இன்னொன்று மஞ்சளாக, கிளி மூக்கு போல வளைந்து, கழுத்துக்குப் பக்கத்தில் அந்தரத்தில் தொங்கியது. அடுத்த படத்தைத் திறந்தாள். அதிலும் இரண்டு. அதற்கடுத்ததில் அலகு ஒன்றுதான். ஆனால் கோழியின் வயிற்றுக்குக் குறுக்கே ஓடிய பட்டையில் யாருடைய விரலோ தெரிந்தது.

பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து தகவலை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். பதினாறு வருடமாகச் செய்கிறாள். தண்ணீரில் விழுந்தது, மாடிப்படியில் உருண்டது, கோபத்தில் சுவரில் எறியப்பட்டது என்று எல்லா ரகமும் பார்த்தாகிவிட்டது. செத்த டிஸ்க் தகவலைக் கொடுக்கும், இல்லையென்றால் கொடுக்காது. கூடுதலாக ஓர் அலகு கொடுத்து அவள் பார்த்ததில்லை.

முன்னறையில் இருப்பவள் அவளுடைய நாத்தனார். முன்பு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தவள்; வேலைதான் மாறியதே தவிரப் பேச்சு மாறவில்லை. டிஸ்க் கொண்டுவருகிறவர்களிடம், பேஷன்ட் எப்போது கீழே விழுந்தார், கடைசியாக என்ன சத்தம் போட்டார் என்று கேட்டுத்தான் படிவம் நிரப்புவாள். அவள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அண்ணி, கோழியோட சொந்தக்காரங்க வந்திருக்காங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும். நல்ல சேதியா, இல்ல நான் டிஷ்யூ பெட்டிய எடுத்து வைக்கணுமா?"

"உள்ள அனுப்பு. சேதி என்னன்னு எனக்கே தெரியல."

வந்தவர்கள் பொம்மைப் படம் எடுப்பவர்கள். பொம்மையை ஒரு நூலிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு நூலிழை நகர்த்தி இன்னொரு படம். இப்படிப் பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு நொடி. பதினோரு நிமிடக் கோழிக் கதைக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. கோழி இன்னும் குஞ்சாக இருக்கும் முதல் ஐந்து நிமிடத்துக்கு வேறிடத்தில் நகல் உண்டு. பிற்பாடு எடுத்த ஆறு நிமிடம் இந்த டிஸ்குகளில் மட்டும்தான். திரும்ப எடுக்கவும் வழியில்லை. கடைசிக் காட்சியில் கோழியின் இறகுகள் பறந்து மேகமாகின்றன. அதற்காகக் கோழியை நிஜமாகவே பிய்த்துவிட்டார்கள். குழந்தைகள் தொலைக்காட்சிக்கு வெள்ளிக்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும். அன்று செவ்வாய்.

படங்களை அவர்கள் வைத்திருந்தது நாலு டிஸ்க் போடும் ஒரு பெட்டியில். அந்தப் பெட்டியின் சாமர்த்தியம் எளிமையானது. ஒரு படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி மூன்று துண்டுகளை மூன்று டிஸ்கில் எழுதும். நாலாவதில் அந்த மூன்றின் கூட்டலை எழுதும். ஐந்து, மூன்று, எட்டு, கூட்டல் பதினாறு. நடுவிலிருக்கும் மூன்று தொலைந்தால், பதினாறிலிருந்து ஐந்தையும் எட்டையும் கழித்தால் மூன்று திரும்பி வந்துவிடும். கூட்டலைச் சுமக்கும் வேலையை நாலும் முறை வைத்து மாற்றிக்கொள்ளும். ஆக, நாலில் எது போனாலும் பாதகமில்லை. இரண்டு போனால் கழிக்கப் போதுமான எண் கையில் இருக்காது.

போன வாரம் மூன்றாவது டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றது. பெட்டியும் கூடவே கையை விரித்தது. அக்காவும் தங்கையும் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, நாலு டிஸ்கையும் வரிசை எண் எழுதித் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள்.

முதலாவது, இரண்டாவது, நாலாவது டிஸ்குகள் நலம். மூன்றாவதைக் கணக்குப் போட்டு எடுத்தால் முடிந்தது என்று அவள் நினைத்தாள். பழைய படங்கள் பளிச்சென்று வந்தன. கடைசி ஆறு நிமிடத்துப் படங்களில் மட்டும் பட்டை பட்டையாகப் புழுதி. சரி, மூன்றாவதையே கேட்டுவிடலாம் என்று, வடிகட்டிய காற்று ஓடும் கண்ணாடி அலமாரிக்குள் கைவிட்டு அதைத் திறந்தாள். டிஸ்குக்குள் சுழலும் தகட்டைத் தொடாமல், தூசியின் உயரம்கூட இல்லாத இடைவெளியில் பறந்தபடி படிக்கும் பாகத்துக்கு ஹெட் என்று பெயர். இந்த டிஸ்கில் நாலு ஹெட்; அதில் ஒன்று நசுங்கியிருந்தது. அதே ரகத்து வேறொரு டிஸ்கிலிருந்து நாலு ஹெட்டையும் மொத்தமாகக் கழற்றி மாட்டி, மாதிரிக்குக் கொஞ்சம் மட்டும் படித்தாள். இரவல் ஹெட் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதிகம் வேலை வாங்க அவளுக்கு மனமில்லை.

நாலும் சேர்ந்ததும் புழுதி மறைந்தது. அலகு இரண்டானது.

நாலு பட்டைக்கு ஒன்று தப்பு. அந்த ஒன்று எப்போதும் நாலாவது டிஸ்கிலிருந்து வருவது. அந்த டிஸ்கோ இருப்பதிலேயே ஆரோக்கியமானது. மூன்று முறை சோதித்தாள், ஒரு கீறல் இல்லை. மற்றவை ஓடிய அத்தனை மணி நேரமும் அதுவும் ஓடியிருப்பதாக அதன் உள்பதிவே சொன்னது. இடையில் பெட்டி இதை ஒதுக்கியிருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கு முதல் நாளே வந்தது. அப்படி ஒதுக்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும். எரிந்ததா என்று கேட்டதற்கு, ஒரு விளக்கும் எரியவில்லை என்று அக்கா அடித்துச் சொல்லியிருந்தாள்.

இப்போது அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். தங்கை திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றாள்.

"அக்கா, இங்க பாரேன். பழைய மூக்கு."

அக்கா எழுந்து வந்தாள். சிறிது நேரம் பார்த்துவிட்டு, தலையில் லேசாகத் தட்டிக்கொண்டாள். மஞ்சள் அலகு முதலில் செய்தது. கோழி என்று சொன்னால் பார்த்தவர்கள் எல்லாம் கிளி என்றார்கள், அதனால் ஆரஞ்சில் வேறு செய்து ஒட்டினார்கள், மஞ்சளில் எடுத்த சோதனைப் படங்களை அழித்துவிட்டார்கள் என்று விளக்கினாள். வயிற்றில் தெரிந்த விரலும் அவளுடையதுதான். மோதிரத்தை வைத்து அடையாளம் சொன்னாள்.

அப்படியானால் நாலாவது டிஸ்க் பொய் சொல்லவில்லை. பழைய கதையைச் சொல்கிறது. டாக்டரம்மாவுக்கு உட்கார முடியவில்லை. (தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நாத்தனாரின் கைங்கரியம்.)

"அலகு மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"பதினாலு மாசம் இருக்கும்."

"பெட்டில எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லன்னு சொன்னீங்களே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எரிஞ்சிருந்தாலும் எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் தங்கை வெகு இயல்பாக. "அதான் கறுப்பு டேப் ஒட்டியிருக்கோமே."

 அக்கா விளக்கினாள். இருட்டறையில் படம் எடுக்கிறார்கள். கோழியின் கண் கண்ணாடி. எங்காவது ஒரு பொட்டு விளக்கு மினுக்கினாலும் கண்ணில் விழுந்து, ஓட்டிப் பார்க்கும்போது கோழி கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். அதனால் சார்ஜர், சுவிட்ச், கடிகாரம், பெட்டி எல்லாவற்றின் விளக்குக்கும் வாங்கிய அன்றே டேப்.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் நெஞ்சில் கைவைத்தாள். "நர்ஸக் கூப்பிடற பெல்லுல பஞ்ச அடைச்சு வெச்சுட்டு, பேஷன்ட் கூப்பிடவே இல்லன்னு சொல்றீங்களேம்மா."

தங்கைதான் முதலில் சிரித்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள், கண்ணைத் துடைத்தபடியே.

பதினாலு மாதத்துக்கு முன் நாலாவது டிஸ்க் ஏதோ ஒரு நொடி பதில் சொல்லத் தாமதித்திருக்கும். பெட்டி அதன் பெயரை வெட்டிவிட்டு, டேப்புக்கு அடியில் விளக்கை எரியவிட்டது. பெயர் வெட்டப்பட்ட பிறகும் தினமும் வந்து கடைசி பெஞ்சில் உட்காரும் பையன் மாதிரி, அது சும்மா சுழன்றுகொண்டே இருந்தது. அதில் யாரும் எதையும் எழுதவில்லை. மற்ற மூன்றும் கூட்டலும் கழித்தலுமாக வண்டியை இழுத்தன. மூன்றாவதும் படுத்ததும் கணக்கு உடைந்துபோனது.

இதை அவள் காகிதத்தில் நாலு கட்டம் போட்டுக் காட்டினாள். அக்கா நாலாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நோயாளி டிஸ்கை நம்பித்தான் எல்லாமே இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் டாக்டரம்மா. அது தாங்குமா என்று அக்கா கேட்டாள்.

"தாங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அதுகிட்ட எல்லாத்தையும் கேக்கப் போறதில்ல. உங்க ஆறு நிமிஷத்த மட்டும் கேப்பேன்."

அவர்கள் போனதும் வேலையில் இறங்கினாள். ஒன்றையும் இரண்டையும் வைத்து, ஆறு நிமிடத்துப் படங்கள் டிஸ்கில் எங்கெங்கே கிடக்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டாள். மூன்றாவதில் அந்த இடங்களை மட்டும் குறித்துக்கொண்டாள். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். இரவல் ஹெட்டுகள் நாலில் மூன்று கெட்டி, ஒன்று நோஞ்சான். கெட்டியான மூன்றை முதலில் ஓடவிட்டாள். புதன் மதியத்துக்குள் அவை தங்கள் பங்கைப் படித்து முடித்தன. நோஞ்சானைக் கடைசியில் எழுப்பினாள். இரண்டு நிமிடம் படிக்கவிடுவது, சூடேறினால் நிறுத்துவது, ஆறியதும் திரும்ப இரண்டு நிமிடம். சண்டித்தனம் செய்கிற இடத்தில் நின்று மல்லுக்கட்டாமல், தாண்டிப் போய்ப் பின்பக்கத்திலிருந்து வந்து கேட்பது. நாத்தனார் அரைமணிக்கொருதரம் எட்டிப் பார்த்து, பேஷன்ட் கஞ்சி குடித்தாரா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

வியாழன் காலை பதினொரு மணிக்கு நோஞ்சான் ஹெட் நின்றேவிட்டது. அதற்குள் அதன் பங்கில் மிச்சமிருந்தது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

நாலாவது டிஸ்கின் கம்பியைப் பிடுங்கினாள். சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிய டிஸ்கை மேசை ஓரத்தில் தள்ளிவைத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்றை மட்டும் சேர்த்தாள். நாலாவதன் இடத்தைக் கணக்கு நிரப்பியது. படத்தைத் திறந்தாள். கோழிக்கு ஓர் அலகு, ஆரஞ்சு. அடுத்ததிலும் ஒன்று. முதல் இருபது படங்களை ஓட்டினாள். கோழி வேலியைத் தாண்டிக் குதித்தது.

அக்காவும் தங்கையும் மதியம் வந்து முழுதாகப் பார்த்தார்கள். நாலாயிரத்து முந்நூற்று இருபது படங்களில் ஒன்பது தேறவில்லை. ஒன்பதும் வெவ்வேறு இடத்தில் சிதறிக் கிடந்தன. அந்த இடங்களில் என்ன செய்வதென்று அக்கா கேட்க வாயெடுக்கும் முன்பே தங்கை முந்தைய படத்தையே இன்னொரு தடவை செருகிவிட்டாள். கோழி நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் அசையாமல் நிற்கும். அங்கேயே ஓட்டிப் பார்த்தும் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

எல்லாம் சரிதான், கடைசியில் பழுது எதில் இருந்தது, எப்படிச் சரியாயிற்று என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மா சொன்ன பதில் இவ்வளவுதான்: நலமாக இருந்த நாலாவது டிஸ்கில் பதினாலு மாதம் பழைய தகவல் இருந்தது, அதை விலக்கினேன், நோயாளியான மூன்றாவதில் புதிய தகவல் இருந்தது, அதற்கு ஹெட் மாற்றி வேண்டிய பகுதியை மட்டும் படித்தேன், விலக்கியதன் பங்கை மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு எடுத்தேன்.