உரியவர் கவனத்துக்கு

ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் இருந்த பெண் மறுபடியும் அதையே சொன்னாள். "ஓடிபி நம்பர் இல்லாம டோக்கன் விழாதுக்கா. கம்ப்யூட்டர் எடுக்காது."

"பேரு, வயசு, துட்டு எல்லாம் தந்துட்டேன். என் போன் நம்பரும் தந்தாச்சு. இன்னும் என்னம்மா?"

"அது உங்க நம்பரு. கவர்மெண்டுல உங்களுக்குப் பதிஞ்சிருக்கது வேற. நாப்பத்தாறுல முடியுது. அதுக்குத்தான் ஓடிபி போவும்."

சித்ரலேகாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அது மாமனார் ஞானசம்பந்தனின் எண். தாலுகா ஆபீசில் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளுக்கொரு நம்பர் கொடுத்தால் ஆளுக்கொரு குழப்பம் என்று ஆதாரில் வீட்டில் எல்லோருக்கும் தன் எண்ணையே கொடுத்திருந்தார். கல்யாணமாகி வந்த மறுமாதமே அவள் அட்டையையும் அதில் சேர்த்துவிட்டார். அப்போது அது பெரிய மனசாகத் தெரிந்தது. அதன்பிறகு எதைப் பதிந்தாலும், எதை எதோடு இணைத்தாலும், அவள் கூப்பிட வேண்டியது மாமாவைத்தான்.

பாளையங்கோட்டையில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியை அவள் தேர்ந்தெடுத்ததே, வீடு இருக்கும் டவுனில் இருந்து தெரிந்த முகம் எதுவும் வராது என்றுதான். கோடை விடுமுறைக்கு முன்பிருந்தே தூக்கமில்லை. கணக்கு டீச்சரான அவள், போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் வர்க்கமூலம் நடத்திக்கொண்டிருந்தபோது, பலகையைப் பார்த்தபடியே அழுதுவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாத ஒன்றை வீட்டில் எப்படி விளக்குவது? முதலில் டாக்டரிடம் சொல்லலாம், அப்புறம் கணவன் குமரவேலிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று, விடைத்தாள் திருத்தப் போவதாகப் பொய் சொல்லிக் கிளம்பி வந்திருந்தாள்.

வேறு வழியில்லை. போன் போட்டாள்.

"மாமா, பள்ளிக்கூடத்துல என்னமோ பதியுதாவ. ஓடிபி வந்திருக்கும்."

"வந்துட்டு, வந்துட்டு. பேனா வச்சிருக்கியா? எழுதிக்கோ." ஒவ்வோர் இலக்கத்தையும் ஏலம் விடுகிறவர் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

டோக்கன் விழுந்தது. தப்பித்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. குடும்ப வாட்ஸப் குழு. தன் எண்ணுக்கு வரும் எந்தச் செய்தியையும் மாமா அதில் போட்டுவிடுவார். போட்டுவிட்டால் அவருக்குக் கோப்பு முடிந்தது.

'உரியவர் கவனத்துக்கு: சித்ரலேகா, மனநலப் பிரிவு, பதிவு உறுதி செய்யப்பட்டது.'

பெங்களூர் நாத்தனார் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். சங்கரன்கோவில் சித்தப்பா, படிக்காமலே, வழக்கம்போல் கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

சித்ரலேகா கவுண்ட்டருக்கு ஓடினாள். "இத அழிச்சிருங்க. எனக்கு டாக்டரே வேண்டாம்."

"அழிக்கலாங்க்கா. ஆனா அதுக்கும் ஓடிபி போவும்."

"யாருக்கு?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "அதே நாப்பத்தாறுக்குத்தான்."

"சீக்கு என்னுது, பேரு என்னுது. அழிக்கதுக்கு அவரு உத்தரவு வேணுமாக்கும்?"

"என்னைய ஏசி என்ன பிரயோஜனம்? மேல இருந்து அப்படித்தான் வச்சிருக்காவ. இனிமே எந்த ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த நம்பரத் தட்டுனா உங்க விவரமெல்லாம் வந்துரும். உங்க வசதிக்குத்தாங்க்கா."

"என் வசதிக்கா! நான் கேட்டனா?"

"எம்மா, சண்டைய அங்கன தள்ளி நின்னு போடுங்க," என்றார் பின்னால் நின்ற பெரியவர். "எனக்கு முட்டு வலிக்கி."

தள்ளி நின்றாள். அப்போது போன் அடித்தது. மாமியார் பிரம்மநாயகி. என்ன ஏச்சோ, என்ன விசாரணையோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

"ஏட்டி சித்ரா." குரல் அடங்கியிருந்தது. பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். "உங்க மாமா குளிக்காவ. குரூப்புல வந்தத நான் படிச்சேன்."

"அத்தை, அது வந்து..."

"வெளக்கமெல்லாம் பொறவு சொல்லு. அந்த டாக்டர் பொம்பளையா?"

"ஆமா."

"தூக்கத்துக்கு ஏதும் தருவாவளா?" அத்தை குரலை இன்னும் தாழ்த்தினாள். "எனக்கும் கொஞ்ச நாளா நெஞ்சு படபடன்னு அடிக்கி. கண்ண மூடுனா பயமா இருக்கு. எனக்கும் ஒரு டோக்கன் போட முடியுமாட்டி? உங்க மாமாவுக்குத் தெரியாம."

சித்ரலேகா கவுண்ட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தையின் அட்டையில் எந்த எண் இருக்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை.

"அத்தை..."

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. குளியலறைத் தாழ்ப்பாள் விலகியது.

"ஆங், கத்தரிக்கா கால் கிலோ போதும்," என்று அத்தை உரக்கச் சொன்னாள். "வெண்டைக்கா முத்தலா இல்லாம, ஒடிச்சுப் பாத்து வாங்கு."